பிரிட்டிஷ் ஸ்பீட்வே பிழைக்குமா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயமான ஸ்பீட்வே பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடங்களில் ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை): சார், இந்த பைக்கில் பிரேக்கே கிடையாது என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் எப்படி வளைக்கிறார்கள்?

உண்மைதான். பிரேக் இல்லை, கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். நீள்வட்டத் தடத்தின் மேல் ஷேல் என்கிற கல்தூள் பரப்பியிருப்பார்கள். வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள். இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே போவதால் அந்த பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு இருக்கும்.

ஹீட் என்கிற ஒவ்வொரு குட்டிப் பந்தயத்திலும் நான்கு பேர், நான்கு சுற்று. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாவது வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. பாதிப் பந்தயம் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். ஸ்டார்ட் கோட்டுக்கு வந்ததும் வீரர்கள் தங்கள் பின்சக்கரம் நிற்கப்போகும் மண்ணைக் காலால் உதைத்துக் கிளறி, மிதித்துச் சமன்செய்வதைக் கவனியுங்கள். சக்கரம் வெட்டியாகச் சுழலாமல் பிடிப்புக் கிடைக்கும் இடத்தை ஒவ்வொருவரும் தானே தயார் செய்துகொள்கிறார். அப்புறம் குறுக்கே கட்டிய நாடா மேலே பாயும். கிளட்சை விடுவதில் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும், முன்னால் போகிறவர்கள் வாரியடிக்கும் மண்ணைத் தின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதியதாமே. எப்போது சரிந்தது?

சரிவு ஒரே தடவை நடந்ததல்ல. ஆஸ்திரேலியாவில் பிடித்த பழக்கம் இங்கிலாந்துக்கு வந்து, 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் பந்தயம் நடந்தது. அதைத்தான் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. பிறகு கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து அடித்ததில் 1950-களின் முதல் பாதியில் கிளப்புகள் வரிசையாக மூடின. ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1965-ல் பிரிட்டிஷ் லீக் உருவாகி மறுபடி எழுந்தது. 1970-களில் மேல் பிரிவில் மட்டும் பதினெட்டு அணிகள் அளவுக்கு இருந்தன. 1981-ல் வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டிக்குச் சுமார் 90,000 பேர் வந்தார்கள். 2024-ல் அந்த மேல் பிரிவில் மிஞ்சியவை ஏழே அணிகள்.

அன்றைய சரிவுக்கும் இன்றைய சரிவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1950-களில் கூட்டம் போனது, ஆனால் பல இடங்களில் மைதானம் அப்படியே இருந்தது. அதனால் பத்து வருடம் கழித்துத் திரும்ப ஆரம்பிக்க முடிந்தது. இப்போது மைதானமே போய்விடுகிறது. அந்த இடத்தில் வீடுகள் எழும்பியபின் ஆரம்பிக்க எதுவும் இல்லை. எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறெதுவும் இல்லை.

கேள்வி (டூட்டிங், லண்டன்): அண்ணா, நான் தினமும் பிளவ் லேன் பக்கமாகத்தான் வேலைக்குப் போறேன். அங்கே ஸ்பீட்வே நடந்தது என்று ஒருவர் சொன்னார். இப்ப இருப்பது ஃபுட்பால் ஸ்டேடியம்தானே?

அதே இடம்தான் தம்பி. விம்பிள்டன் டான்ஸ் அணி 1928-லேயே அங்கே ஓட ஆரம்பித்துவிட்டது. நியூசிலாந்தில் வளர்ந்த ரோனி மூர், பேரி பிரிக்ஸ் இருவரும் அந்த அணியில் ஓடியே உலக சாம்பியன் ஆனவர்கள். 1991-க்குப் பிறகு நின்றுபோய், 2002-ல் கீழ்ப் பிரிவில் திரும்பி, 2005-ல் ஒரேயடியாக நின்றது. மைதான உரிமையாளரோடு வாடகை ஒத்துவரவில்லை. அதே மைதானத்தில் நாய்ப் பந்தயம் மட்டும் 2017 வரை நடந்தது. 2020-ல் ஏஎஃப்சி விம்பிள்டனின் புதிய மைதானம் திறந்தது, பக்கத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வந்தன.

லண்டன் முழுக்க இதே கதைதான். வெஸ்ட் ஹாம், ஹாக்னி, ஒயிட் சிட்டி, ஹாரிங்கே என்று ஒரு காலத்தில் வாரத்தில் பல நாள் பந்தயம் பார்க்கலாம். இன்று தலைநகரத்தில் ஒன்றுகூட இல்லை.

கேள்வி (திருச்சி): நன்றாக ஜெயிக்கிற அணிக்கு ஆட்கள் வருவார்கள் இல்லையா? நிர்வாகம் சரியில்லாத கிளப்புதானே மூடும்?

அப்படி இருந்தால் ஆறுதலாக இருக்கும். பீட்டர்பரோவைப் பாருங்கள். 2021-ல் மேல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் சாம்பியன். 2023-ல் கடைசிப் பந்தயம். அவர்கள் ஓடியது விவசாயக் கண்காட்சி நடக்கும் மைதானத்தில். அந்த நிலத்துக்கு வீட்டுத் திட்டம் வந்துவிட்டது. அதே 2023-ல் வுல்வர்ஹாம்ப்டனும் போனது. அங்கே மன்மோர் கிரீன் மைதானம் லாட்புரோக்ஸ் பந்தய நிறுவனத்துடையது. நாய்ப் பந்தயங்களுக்கே மைதானத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லி ஸ்பீட்வே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். 1928-ல் தொடங்கிய இடம் அது.

கவென்ட்ரியின் நிலைமை இன்னும் வேதனையானது. பிராண்டன் மைதானம் வீடு கட்டும் நிறுவனத்தின் கைக்குப் போய், 2016-க்குப் பிறகு பந்தயமே இல்லை. பூட்டிக் கிடந்த இடத்தில் ஆட்கள் புகுந்து உடைத்தார்கள், தீ வைத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை, வருடக்கணக்காக ஆவணங்கள் திரட்டிப் போராடினார்கள். 2022-ல் ரக்பி என்ற ஊரின் நகராட்சி வீட்டுத் திட்டத்தை நிராகரித்தது, மேல்முறையீடும் தள்ளுபடியானது. வீடு கட்டுவதைத் தடுத்தாயிற்று. ஆனால் சிதைந்து கிடக்கிற மைதானத்தை அந்தத் தீர்ப்பு தானாகத் திருப்பித் தந்துவிடாது.

கிளப்புகளில் பெரும்பாலானவை வாடகைக்கு இருப்பவை. வாரத்தில் ஒரு மாலை, அதுவும் மார்ச் முதல் அக்டோபர் வரை மட்டும் வருகிற குடித்தனக்காரரின் பேச்சு எந்த நில உரிமையாளரிடம் எடுபடும்?

கேள்வி (சிங்கப்பூர்): சத்தம் அதிகம் என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டுத்தான் பல இடங்கள் மூடின என்று படித்தேன்.

மூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நிலம்தான், சத்தம் இரண்டாவது. ஆனால் சஃபோக் பகுதியிலுள்ள மில்டன்ஹால் வழக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மைதானம் 1970-களிலிருந்து இருக்கிறது. 2006-ல் ஒரு தம்பதி சற்றுத் தள்ளியிருந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள், பிறகு சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2011-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பு. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி அவர்கள் பக்கமே நின்றது. “நீங்கள்தானே தெரிந்தே பக்கத்தில் வந்தீர்கள்” என்பது மட்டும் சட்டப்படி போதிய பதில் ஆகாது என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது.

எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் உறுத்துகிறது, நீதிபதிகளின் தர்க்கம் புரிந்தாலும். ஒரு நல்ல செய்தி: 2018 முதல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை, ஏற்கெனவே இருக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவரே சத்தத்தைச் சமாளிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்கிறது. கிளப்புகள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி (கோவை): எல்லாப் பழியையும் நிலத்தின் மேல் போடுகிறீர்களே. விளையாட்டு தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளவில்லையா?

கெடுத்துக்கொண்டதும் உண்டு. 15 ஹீட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். இரண்டு மணி நேர மாலையில் பந்தயம் கால் மணி நேரம்தான். நடுவில் டிராக்டர் வந்து மண்ணைச் சீர்செய்யும், தண்ணீர் வண்டி வரும். அது தேவைதான், ஆனால் அந்த நேரத்தில் ரசிகருக்கு என்ன தருகிறோம் என்று பலர் யோசிப்பதே இல்லை. மழை வந்தால் ரத்து. ஒரு வீரர் இரண்டு பிரிவுகளில் இரண்டு அணிகளுக்கு ஓடுகிறார். காயம்பட்டவருக்குப் பதில் வேறொரு கிளப்பின் ஆள் ‘கெஸ்ட்’ ஆக வந்து ஓடுகிறார். நேற்று எதிரணியில் இருந்தவர் இன்று நம் சட்டையில் வந்தால் புதிதாக வருகிற குடும்பம் யாருக்குக் கை தட்டும்? அணிகளைச் சமமாக்க, ஓர் அணி வீரர்களின் சராசரிப் புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பால், நன்றாக வளர்ந்த பையனையே அடுத்த வருடம் விட்டுவிட வேண்டிய நிலையும் வருகிறது.

கேள்வி (சென்னை): போலந்தில் மட்டும் எப்படி இவ்வளவு கொண்டாட்டம்?

அங்கே பெரும்பாலும் மைதானம் நகராட்சியுடையது, ஸ்பீட்வே அந்த ஊரின் பெருமை. டோருன், கோசுஃப், லெஷ்னோ போன்ற ஊர்களில் ஃபுட்பாலைவிட இதற்குத்தான் மவுசு. தொலைக்காட்சிப் பணமும் ஸ்பான்சர் பணமும் சேர, உலகின் முன்னணி வீரர்கள் அங்கேதான் சம்பாதிக்கிறார்கள். இவர்கள் சம்பள ஆட்கள் அல்ல. புள்ளிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பைக், இன்ஜின் சர்வீஸ், வேன், மெக்கானிக் எல்லாச் செலவையும் தாங்களே பார்ப்பவர்கள். அதிகம் தருகிற இடத்துக்குப் போவதில் தப்பே இல்லை. 1980-களில் டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வாராவாரம் ஓடினார். இன்றைய உலக சாம்பியன் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கை ஆங்கிலேய ரசிகர் வாராவாரம் பார்க்க வழியில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): இனி எதிர்காலம் இல்லையா?

இருக்கிறது. வீரர்களுக்குப் பஞ்சமில்லை: டை வொஃபிண்டன் மூன்று முறை உலக சாம்பியன், டான் பியூலி, ராபர்ட் லாம்பர்ட் இருவரும் உலகத் தரம். நாடுகளுக்கிடையே நடக்கும் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் கோப்பையை 2021, 2024 இரண்டு முறையும் மான்செஸ்டரில் வைத்தே பிரிட்டன் வென்றது.

மைதானத்தையும் மீட்க முடியும். லெஸ்டர் 1983-ல் தன் பழைய இடத்தை இழந்தது; 2011-ல் பியூமாண்ட் பார்க்கில் புதிய தடம் போட்டுத் திரும்பியது. ஆக்ஸ்ஃபோர்டில் வீட்டுத் திட்டத்தை நகராட்சி நிராகரித்து, மைதானத்தைப் பாதுகாப்புப் பகுதியாகவும் அறிவித்தது. 2022-ல் அங்கே ஸ்பீட்வே மறுபடி ஓடியது. மான்செஸ்டரின் தேசிய ஸ்பீட்வே மைதானம் நகராட்சியின் துணையோடு 2016-ல் எழுந்தது. முதல் நாளே தடம் சரியில்லை என்று பந்தயம் ரத்தானது, அந்த வருடமே நடத்தியவர்களும் கை மாறினார்கள். ஆனாலும் அந்த ஊரின் பெல் வியூ அணிக்கு ஒரு நிலையான வீடு கிடைத்தது. நான் முதலில் கேட்பது இதுதான்: இன்னும் மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு தடத்துக்கும் நீண்டகால குத்தகை, அல்லது நகராட்சியோ ரசிகர்களோ வைத்திருக்கும் உரிமை. லீக்கின் வடிவத்தை எப்படி மாற்றுவது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி (பெங்களூரு): ஜூனில் மகனைப் பார்க்க மான்செஸ்டர் போகிறோம். ஒரு பந்தயம் பார்க்க முடியுமா?

தாராளமாக, அக்கா. கோர்ட்டன் பகுதியில்தான் அந்த மைதானம். பெல் வியூவின் சொந்த மைதானப் பந்தயங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மாலை நடக்கும். அட்டவணையைப் பார்த்துவிட்டு, அன்று மதியம் மழை நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் வளைவுப் பக்கம் நின்றால்தான் பந்தயத்தின் சூடு தெரியும். மண் பறக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம். குழந்தைகள் வந்தால் காதுக்கு ஏதாவது வைத்துவிடுங்கள். முடிந்ததும் வீரர்கள் பல நேரம் ரசிகர்களிடம் வந்து பேசுவார்கள். தயங்காமல் போய்ப் பேசுங்கள்.