கேளுங்கள் மிஸ்: கையில் ஒரு மூளை

கேள்வி: பெங்களூர் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மூளை அருங்காட்சியகத்தில் நிஜ மனித மூளையையே கையில் வாங்கிப் பார்க்கலாமாமே? எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறான். பயந்துவிட மாட்டானா?
- ஒரு வாசகி, ஓசூர்

தாராளமாகக் கூட்டிப்போங்கள் அம்மா. நிமான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான், உங்களுக்குப் பக்கம். எல்லா நாளும் பொதுமக்களை விடுவதில்லை. போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

உயிரியல் ஆசிரியையாக இருந்தபோது பிளஸ் ஒன் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனேன். பயத்தைவிட, மூளை கெடாமல் இருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் திரவத்தின் வாடைதான் தொந்தரவு, கண் கொஞ்சம் எரியும். பக்கவாதம் வந்த மூளை, கட்டி வந்த மூளை, நாடாப்புழுவின் இளம்பருவம் நீர்க்கட்டிகளாகத் தங்கிய மூளை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். சரியாகக் கழுவாத காய், கீரை வழியாகவும் அந்தப் புழுவின் முட்டை உடம்புக்குள் போகும். அன்று வீடு திரும்பிய ஒரு மாணவி கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் அலசினாள் என்று அவள் அம்மா சொன்னார்.

அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு மூளையை வாங்கினார்கள். ஏறத்தாழ 1,300 கிராம். உயிரோடு இருக்கும்போது கட்டித்தயிர் மாதிரி குழைவாக இருப்பது, ஃபார்மலினில் ஊறித்தான் ரப்பர்போல் கெட்டிப்படுகிறது. வகுப்பிலேயே அதிகம் வாயாடும் பையன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "மிஸ், இது யாரோடது?" என்று மெதுவாகக் கேட்டான்.

பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நரம்பு நோயியல் மருத்துவர் எஸ்.கே. சங்கர் ஆராய்ச்சிக்காக மூளைகளைச் சேமித்துவைக்க அங்கே உருவாக்கிய மூளை வங்கிக்கு வருபவற்றில் பல, சாலை விபத்தில் இறந்தவர்களுடையவை. பிரேதப் பரிசோதனை நேரத்தில், அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம்தான் சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் சரி என்றதால்தான் பார்க்கின்சன் போன்ற நோய்களை ஆராய்பவர்களுக்கு மனிதத் திசு கிடைக்கிறது. எலி மூளையை மட்டும் வைத்து அதையெல்லாம் கண்டுபிடித்துவிட முடியாது. இதை மகனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: மூளை பெரிதாக இருந்தால் புத்தியும் அதிகமா?
- ஒரு மாணவர், சேலம்

இல்லை தம்பி. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்தான், சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு. எடையைவிட, எந்த இடத்தில் எத்தனை நரம்பணுக்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் மூளைத் திசுவைக் கரைத்து, சூப் போலாக்கி, செல்லுக்கு ஒன்றாக இருக்கும் உட்கருக்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்ற கணக்கு அப்படி வந்ததுதான். யானைக்கு 25,700 கோடி! ஆனால் அதில் நூற்றுக்கு 97-க்கு மேல் பின்னாலிருக்கும் சிறுமூளையில் இருக்கின்றன. யோசனைக்கும் திட்டமிடலுக்கும் முக்கியமான, பெருமூளையின் வெளி அடுக்கான புறணியில் யானைக்கு 560 கோடி, நமக்கோ 1,600 கோடி.