வேண்டுதல் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: மகன் குணமடைய மூன்றாண்டு பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, இவ்வாண்டு பத்துமலையின் 272 படிகளையும் ஏறினேன். அவன் அடிவாரத்தில் என் செருப்பைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோய் குறையவில்லை. என் நம்பிக்கையில்தான் குறையா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: குறை உங்களிடம் என்று சொல்பவர்களுக்குக் காதுகொடுக்காதீர்கள், அம்மா. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், தமக்காகப் பிறர் வேண்டுகிறார்களா என்று அறியாதிருந்தவர்களுள், வேண்டப்பட்டோரில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. வேண்டுகிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களிடமோ அது 59 ஆக இருந்தது. கடவுளை ஆய்வுக்கூடத்தில் நிறுத்துவது எனக்கு உவப்பில்லை; இந்த எண்கள் அவர் இல்லை என்பதற்குச் சான்றும் ஆகா. ஆயினும், பக்தி கூடினால் நோய் குறையும் என்ற கணக்கு பொய்த்துப்போகிறது. அக்கணக்கை நம்பினால், நோயுற்ற பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் குற்றவாளியாகிவிடுவாள்.

மீதி இரண்டு குடங்களை மனம் ஒப்பினால் எடுங்கள். பயந்து எடுக்க வேண்டாம். மகனை மருத்துவரிடம் காட்ட வேண்டிய தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.