ஃபிரிஸ்கோவுக்குள்ளேயே வீடு மாறினீர்களா? முதலில் கவுண்டியைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸ், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகு 2024-ல் முதல் முறையாகக் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன். பிறகு அதே ஊரில் வீடு வாங்கிக் குடிவந்தோம். பழைய பதிவே போதுமா? டிரம்ப் பெயரே இல்லாத இந்த நவம்பர் தேர்தலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா? 71 வயது அம்மாவின் தபால் ஓட்டை வாங்கிப் போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம் போக வேண்டும். டிரம்ப் பெயர் இல்லைதான். ஆனால் டெக்சஸ் கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல் எல்லாரையும் அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி, பள்ளி, எல்லைப் பாதுகாப்பு என்று நீங்கள் கவலைப்படும் விஷயங்களில் பாதி இவர்கள் கையில். 2018-ல் டிரம்ப் ஆட்சியின் நடுவே வந்த தேர்தலில் நம் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 40 இடங்களை இழந்தது. 2022-ல் அரிசோனா அட்டர்னி ஜெனரல் பதவி போனது வெறும் 280 ஓட்டில். பதிவானவை சுமார் 25 லட்சம். இத்தனை பேர் வீட்டில் இருந்துவிட்டார்களே என்று பிறகு வருந்தி என்ன பயன்?

இப்போது பதிவு. ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் கோலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கிடக்கிறது. பதிவு கவுண்டி கணக்கில்தான். புது வீட்டின் சொத்துவரி ரசீதை எடுத்து எந்தக் கவுண்டி என்று பாருங்கள். பழைய கவுண்டியேதான் என்றால் மாநில இணையதளத்தில் முகவரியை மாற்றினால் முடிந்தது. கவுண்டி மாறியிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். கடைசி நாள் அக்டோபர் 5.

இந்தக் காலத்திலும் டெக்சஸில் புதுப் பதிவைத் தனியாக இணையத்தில் செய்ய முடியாது. படிவத்தை அச்சிட்டு, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். ஓட்டுப் போட வருகிறவனை இப்படி அலைக்கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சுலப வழி ஒன்று உண்டு: டிரைவிங் லைசென்ஸ் முகவரியை இணையத்தில் மாற்றும்போது, வாக்காளர் பதிவும் வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். சில வாரம் கழித்துப் பெயர் ஏறிவிட்டதா என்று 'வோட் டெக்சஸ்' தளத்தில் பாருங்கள்.

தேதி தவறிவிட்டால்? ஒரே ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பழைய கவுண்டியில் உங்கள் பதிவு இன்னும் உயிரோடு இருந்தால், புதுக் கவுண்டியில் குறுகிய வாக்குச்சீட்டு கேட்கலாம். இரண்டு கவுண்டிக்கும் பொதுவான பதவிகள் மட்டும் அதில் இருக்கும்: கவர்னர், செனட்டர் போன்றவை. உள்ளூர்ப் பதவிகள் இருக்காது. நேரில் வாங்குவதானால் முன்வாக்குப்பதிவு நாட்களில் மட்டும், அதுவும் கவுண்டியின் தலைமை மையத்தில் மட்டும். தேர்தல் நாளான நவம்பர் 3 காலையில் போய்க் கேட்டால் கிடைக்காது. பக்கத்து நூலகத்தில் இருக்கும் மையத்தில் கேட்டாலும் கிடைக்காது.

மளிகைக் கடை வாசலில் படிவம் வாங்குகிறவர்களிடம் கவனம். டெக்சஸில் அப்படி வாங்க, கவுண்டி அங்கீகரித்த தன்னார்வப் பதிவாளராக இருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது தர வேண்டும், 5 நாளில் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ரசீது தராதவரிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். 'உங்கள் கட்சிப் பதிவு இன்றிரவு ரத்தாகிறது, 25 டாலர் அனுப்புங்கள்' என்று போனுக்கு வருவது வசூல் மட்டுமே. டெக்சஸில் கட்சிப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. அவசரத்தில் தட்டினால் மாதாமாதம் பணம் பிடிக்கும் பெட்டியில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும்.

கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 2022-ல் அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் நீளமான சீட்டு, கனமான தாள். பிரிண்டர் சூடு போதாமல் மை சரியாக ஒட்டவில்லை, எந்திரம் சீட்டைப் படிக்க மறுத்தது. அன்று வரிசையில் நின்றவர்களில் நம் ஆட்களே அதிகம். அக்டோபர் 19 முதல் 30 வரை முன்வாக்குப்பதிவு; கவுண்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம். லைசென்ஸோ பாஸ்போர்ட்டோ எடுத்துப் போங்கள். படத்துடன் கூடிய குடியுரிமைச் சான்றிதழும் செல்லும். வேட்பாளர் பெயர் போட்ட தொப்பி, சட்டை 100 அடிக்குள் கூடாது. போனையும் அங்கே எடுக்கக் கூடாது, அதனால் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் போடும் வசதி 2020-லேயே போய்விட்டது. நீதிபதிகள் வரை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

அம்மாவின் சீட்டை அந்த ஆளிடம் கொடுக்க வேண்டாம். 65 வயது தாண்டியவர் என்பதால் தபால் வாக்கு அவர் உரிமை. விண்ணப்பம் அக்டோபர் 23-க்குள் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்கட்டத் தேர்தலில் டெக்சஸ் தபால் வாக்குகளில் சுமார் 12 சதவீதம் தள்ளுபடியானது. பெரும்பாலும் அடையாள எண் கோளாறுதான்: உறையின் மடிப்புக்கு அடியில் எண் எழுதும் இடத்தைப் பலர் பார்க்கவே இல்லை. லைசென்ஸ் எண், சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி 4 இலக்கம், இரண்டையுமே எழுதச் சொல்லுங்கள். பதிவில் எது இருந்தாலும் பொருந்திவிடும். அம்மாவே கையெழுத்திட்டு ஒட்டியதும் நீங்களே தபாலில் போடுங்கள்.