பெயிண்ட் டப்பாவை இப்போதே வாங்க வேண்டாம்

கேள்வி: ஐயா, அப்பா வேலை செய்த பழைய இழைப்பு மிஷின் 12 வருடமாக ஓடாமல் நிற்கிறது. மேசை முழுக்கத் துரு. ஷாஃப்ட் கையால் திருப்பினால் அசையவில்லை. சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, மறுபடி ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: பெயிண்ட் கடைசி வேலை. முதலில் பிளேடு மாட்டியிருக்கும் கட்டர் பிளாக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரி. சதுரமாக இருந்தால் அதை அப்படியே ஓட்டாதீர்கள். சதுரத்தின் தட்டையான பக்கம் மேசை விளிம்பைக் கடக்கும்போது பெரிய இடைவெளி விழும்; தவறிய விரலை உள்ளே இழுத்துவிடும். அப்பா அதிலேதான் வேலை செய்தார் என்றாலும் சொல்கிறேன், வட்ட பிளாக்குக்கு மாற்றிவிட்டுத்தான் மரத்தை வைக்க வேண்டும்.

அடுத்து, இறுகிய ஷாஃப்ட். சுத்தியலை எடுக்காதீர்கள். வேலை கற்ற காலத்தில் இப்படி இறுகிய ஒரு பேரிங் மூடியை நான் தட்டித் தட்டி, அதன் காது உடைந்து கையோடு வந்துவிட்டது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, மறுபடி விட்டுப் பாருங்கள்.

ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பேரிங் மூடியைக் கழற்றியதும் உள்ளே குண்டு பேரிங் இல்லாமல், சாம்பல் நிறத்தில் மிருதுவான உலோகம் வார்த்திருந்தால் அது பாபிட். ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கிய கலவை. மூடிக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே, போல்ட்டின் இரு பக்கமும் மெல்லிய தாளோ பித்தளைத் தகடோ அடுக்கியிருப்பார்கள். பலர் அதை அழுக்கு என்று நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு பதறும். ஷாஃப்டுக்கும் பாபிட்டுக்கும் எண்ணெய் தங்கும் இடைவெளியைத் தருவதே அந்தத் தாள்கள்தான். இடம், வலம் என்று குறித்து, எண்ணித் தனித்தனியே வையுங்கள். பாபிட் தேய்ந்து ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் இரு பக்கமும் ஒவ்வொரு தாள் எடுத்துவிட்டு மூடியை முடுக்குங்கள். ஷாஃப்ட் கையால் இலகுவாகச் சுற்ற வேண்டும், தூக்கினால் ஆடக் கூடாது. பாதி பழுது பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

குண்டு பேரிங் என்றால் விளிம்பில் எண் இருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். அதே எண்ணில் புதிது மாட்டிவிடலாம்.

துருவுக்கு மண்ணெண்ணெயும் பழைய பிளேடும் போதும். சிறு குழிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும், மரம் வழுக்கிப் போய்விடும். மேசை நேராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நேர்க்கோலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்.

மூடிக்கு அடியில் எத்தனை தாள் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.