கருத்துக் கேட்பில் பேசினால் மின்கட்டணம் குறையுமா?

"மின்கட்டண உயர்வை எதிர்த்து மனு போட்டால் மட்டும் கேட்டுவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டே ஆக வேண்டும், அது சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, மக்களின் ஆட்சேபங்களையும் பரிசீலித்துத்தான், கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். ஆனால் அவற்றை ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை; சிக்கலே அங்கேதான்.

தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஆனாலும் செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறியது.

அப்படியானால் வீணா? நீங்கள் போடும் மனுவைப் பொறுத்தது. "ஏழை வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதினால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கட்டண உயர்வு கேட்டு மின்வாரியம் ஆணையத்தில் தாக்கல் செய்த மனுவைத் திறந்து, இத்தனாம் பக்கத்தில் மின் இழப்பு இவ்வளவு சதவீதம் என்கிறீர்களே, வெளியில் வாங்கும் யூனிட் இந்த விலையா, ஏன் என்று கேளுங்கள். ஆட்சேபம், வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து மூன்றும் உத்தரவிலேயே அச்சாகும். அப்புறம் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், உத்தரவில் அச்சான அந்தப் பக்கம்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.