ஆயர் சொன்னதும் மனசாட்சி சொன்னதும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன ஞாயிறு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், என் மனசாட்சி ஒன்று சொல்லி, ஃபாதர் வேறு சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?" திருச்சபை சொல்வதை என்றேன். "அப்போ மனசாட்சி எதுக்கு சார்?" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மணி உங்களைக் காப்பாற்றியது ஒரு வாரத்துக்குத்தான்.

ஏட்டுப் பதில் சின்னது. மனிதன் தன் மனச்சான்றின் உறுதியான தீர்ப்புக்கு எப்போதும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' என்ற போதனை நூல், 1790ஆம் எண் பத்தியில். அந்தத் தீர்ப்பு தவறலாம், உண்மையைத் தேட மெனக்கெடாதவனுக்கு அந்தத் தவறில் பொறுப்பு உண்டு என்றும் கூடவே சொல்கிறது. பையனுக்கு இது போதாது. பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரின் கதையைச் சொல்லுங்கள்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற கிராமத்து விவசாயி அவர். மனைவிக்கும் அவருக்கும் மூன்று பெண் குழந்தைகள். ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார். 1938இல் ஒரு கனவு கண்டார். பளபளக்கும் ரயில் ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியவர்களும் குழந்தைகளும் ஏற ஓடுகிறார்கள். இது நரகத்துக்குப் போகும் ரயில் என்கிறது ஒரு குரல். நாஜிக் கட்சிதான் அந்த ரயில் என்று அவர் புரிந்துகொண்டார். ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்ததற்கு அந்த ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தபோது, ஊரில் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

ஹிட்லருக்காகப் போரிடுவது பாவம் என்று மனதுக்குப் பட்டதும் அவர் என்ன செய்தார்? கேட்டார். குருக்களைக் கேட்டார். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு லின்ஸ் நகருக்குப் போய் அந்த மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) ஃப்ளீஸரையே கேட்டார். குடும்பத்தை நினைத்துப்பார், ஆட்சியாளர் செய்வதற்குத் தனிமனிதன் பொறுப்பில்லை என்றார் ஆயர். வெளியே காத்திருந்த மனைவி பிரான்சிஸ்கா, வாடிய முகத்தோடு திரும்பிய கணவரைத்தான் பார்த்தார். 1943 மார்ச்சில் படைமுகாமுக்குப் போய், போரிட மாட்டேன் என்றார் பிரான்ஸ். மருத்துவ உதவியாளராக வேண்டுமானால் வருகிறேன் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலையைத் துண்டித்தார்கள்.

இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய இறையியலாளர் கர்தினால் நியூமன் உதவுவார். மனச்சான்று தீர்ப்பது 'இந்தக் காரியத்தை நான் செய்யலாமா' என்பதை. பாப்பரசரின் வழுவாவரம், அதாவது போதிப்பதில் தவறாத வரம், பொதுவான போதனைக்கு உரியது. இரண்டும் முட்டிக்கொண்டால் அது தனிப்பட்ட கட்டளைகளில்தான் என்று 1875இல் எழுதினார். லின்ஸ் ஆயர் கொடுத்தது கட்டளைகூட இல்லை, அறிவுரை. துப்பாக்கியைத் தூக்க வேண்டிய கை பிரான்ஸுடையது.

ஆனால் வகுப்பில் எச்சரிக்கையாக இருங்கள். நம் மனசாட்சி பெரும்பாலும் நமக்கு லீவு கொடுப்பதற்காகத்தான் வாய் திறக்கும். பூசைக்குப் போகாத ஞாயிறெல்லாம் எனக்கு மனசாட்சி துணை நின்றிருக்கிறது! பிரான்ஸ் கேட்ட குரல் உயிரைக் கேட்டது. உயிரைக் கொடுத்ததாலேயே அவர் சொன்னது சரியாகிவிடாது, வெறியனும் உயிரைக் கொடுப்பான். தன் முடிவை மறுக்கக்கூடியவர்களிடமே போய் நின்றாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போருக்குப் பிறகும் அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட ஏட்டில் வரவிடாமல் தடுத்தார் அதே ஆயர். அப்புறம் 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அவர் கதையைக் கொண்டுபோனவர் நம் பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 2007இல் லின்ஸ் பேராலயத்திலேயே பிரான்ஸுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, 94 வயது பிரான்சிஸ்காவும் அங்கே இருந்தார்.

பையன் விடமாட்டான். "அப்போ அந்த ஆயர் கெட்டவரா சார்?" என்பான். அதற்கு பிரான்ஸே எழுதி வைத்திருக்கிறார்: ஆயர்கள்மேலும் குருக்கள்மேலும் கல்லெறிய வேண்டாம், அவர்களும் நம்மைப் போல ரத்தமும் சதையுமான மனிதர்கள்தான் என்று.