மகளின் விடை 45 பாகை: பிழை எங்கே நேர்ந்தது?

மேலூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயா, வணக்கம். ஏபிசி முக்கோணத்தில் ஏபி = ஏசி; ஏசியின் மேல் உள்ள டி என்ற புள்ளிக்கு ஏடி = பிடி = பிசி; கோணம் ஏ எவ்வளவு என்பதே கணக்கு. தங்கள் மகளுக்கு 45 பாகை வந்ததற்குக் காரணம், படத்தைப் பார்த்து டியை நடுப்புள்ளி என்று கொண்டதுதான். கணக்கில் அப்படிச் சொல்லப்படவில்லை. மதுரை செல்லூரில் மாலை வகுப்பு எடுக்கும் நானும் இதே பிழையை ஆண்டுதோறும் காண்கிறேன். குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

கோணம் ஏவை எக்ஸ் என்று வைக்கச் சொல்லுங்கள். ஏடி = பிடி என்பதால், அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம்; ஆகவே கோணம் ஏபிடியும் எக்ஸ். அடுத்த படியில்தான் கணக்கின் உயிரே இருக்கிறது: கோணம் பிடிசி, ஏபிடி முக்கோணத்தின் வெளிக்கோணம் என்பதால், அது உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதலான 2எக்ஸ் ஆகிறது. பிடி = பிசி என்பதால் கோணம் சியும் 2எக்ஸ்; ஏபி = ஏசி என்பதால் முழுக் கோணம் பியும் 2எக்ஸ். மூன்றையும் கூட்டினால் 5எக்ஸ் = 180, எனவே எக்ஸ் = 36 பாகை.

பிசியை 5 செ.மீ. வரைந்து, இரு முனைகளிலும் பாகைமானியால் 72 பாகை வைத்து வரையச் செய்யுங்கள். ஏசி ஏறத்தாழ 8.1 செ.மீ. வரும். ஏயிலிருந்து 5 செ.மீ. தள்ளி டியைக் குறித்தால், டிசி 3.1 செ.மீ. அளவே இருக்கும். டி நடுப்புள்ளி அல்ல என்பதை அவளே அளந்து கண்டுகொள்வாள்.